பலகை

எருமைக்கடா மைதானத்தில்
பன்னிரண்டு சப்பரமும் வந்து சேர
இன்னும் இரண்டு நாள்.
அதற்குள் ராட்டினங்கள் வந்துவிட்டன.
லாரியிலிருந்து இறக்கிய கோப்பைகள் எட்டு,
ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தைக்
காப்பி மாதிரி கலக்கும்.

நான் முதலில் பார்ப்பது விளக்கை இல்லை,
தரையை.
மணல் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு,
ஜெனரேட்டர் வயர் எங்கே குறுக்கே ஓடுகிறது,
படி எத்தனை.
இரண்டு. இரும்புப் படி.
மேலே போனாலும்
கோப்பையின் வாசல் என் நாற்காலியைவிட
நாலு விரல் குறுகல்.

"இதுல ஏறணும்" என்றேன்.
மைமூன் கவுண்டரில் எழுதியிருந்ததை வாசித்தாள்:
கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், மது அருந்தியோர்
ஏறக் கூடாது.
"ஒம் பேரு இதுல இல்ல பிள்ள."

லிவர் பிடிக்கிற கொம்பையா
பேன்ட்டை முழங்கால்வரை மடித்திருந்தார்.
"எதுக்கும்மா ரிஸ்க்கு. கீழ இருந்து பாருங்க,
அதுவே நல்லாத்தான் இருக்கும்."
கீழே இருந்து பார்த்தே
முப்பத்தொரு தசரா போய்விட்டது
என்று நான் சொல்லவில்லை.
"பெல்ட் இருக்கா?"
"இருக்கு. சுத்தும்போது யாரும் எந்திரிக்கக் கூடாது."
"நான் எந்திரிக்க மாட்டேன்."

சிரிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.
மைமூன் சிரித்தாள். பிறகு அவரும்.

உடனே ஆள் சேர்ந்துவிட்டது.
தூக்க வருகிறவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.
ஒருவர் கக்கத்துக்குக் கையைக் கொண்டுவந்தார்,
ஒருவர் காலைப் பிடித்தார்,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.
தூக்கினால் துப்பட்டா எங்கோ, செருப்பு எங்கோ,
இறக்கி வைத்தபின் எல்லாருக்கும்
புண்ணியம் கிடைத்த முகம்.
"கைய எடுங்க" என்றேன்,
நினைத்ததைவிடச் சத்தமாக.
"தூக்க வேண்டாம். ஒரு பலகை போதும்."

பலகை பஜ்ஜிக் கடையிலிருந்து வந்தது.
எட்டடி நீளம், என் சக்கரத்துக்குச் சரியான அகலம்,
மஞ்சள் பெயிண்டில் விலைப்பட்டியல்.
கடைக்கார ஜெபக்கனி
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே
"ஒடைஞ்சா நீருதான் வே வாங்கித் தரணும்" என்றாள்.
நான் வாழைக்காய் பஜ்ஜியில் தொடங்கி
மிளகாய் வழியாக மேலே ஏறினேன்.

பிரேக் போட்டு,
உள்ளங்கைகளை ஊன்றி, நகர்ந்து நகர்ந்து,
கோப்பைக்குள் போனேன்.
பிறகு என் கால்களை
ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தேன்.
ஒன்றரை நிமிடம் ஆனது.
வரிசையில் நின்றவர்கள் மணி பார்த்தார்கள்.
பார்க்கட்டும்.
ஒரு பையன் நாற்காலியைக் கீழே உருட்டி
பலகையின் அடியில் நிறுத்தினான்.

அப்புறம்தான் பார்த்தேன்,
கோப்பையின் நடுவில் ஒரு இரும்புத் தட்டு.
அதைக் கையால் திருப்பத் திருப்ப வேகம் ஏறும்.
காலுக்கு அங்கே வேலையே இல்லை.
குலவணிகர்புரம் கேட்டில் தண்டவாளத்தைத்
தினம் இரண்டு தடவை தாண்டுகிற கை இது.
திருப்பினேன்.

விளக்குகள் நூலாயின.
தொலைவில் ஊசிக் கோபுரம்
அந்த நூலைக் கோத்துக் கோத்து இழுத்தது.
"யா அல்லா, நிறுத்து பிள்ள!"
மைமூன் என் தோளில் வந்து ஒட்டினாள்.
பக்கத்துக் கோப்பையில் ஒரு போலீஸ்காரர்
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.
எல்லாருடைய உடம்பும்
அவரவர் பேச்சைக் கேட்காமல் ஒரு பக்கம் சாய்ந்தது.
என்னுடையது எப்போதும் அப்படித்தான்,
அதனால் எனக்குப் பயமில்லை.

நின்றபோது
பலகை அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்,
ஜெனரேட்டர் புகைக்கு நேரே.
மற்றவர்கள் இறங்கி, கம்பியைப் பிடித்து,
நேராக நடக்கத் தெரியாமல் நடந்தார்கள்.
தூக்க மறுபடியும் இரண்டு பேர் கிளம்பினார்கள்.
கொம்பையா கையை நீட்டித் தடுத்தார்.
கீழே குதித்து
தளத்தின் விளிம்பில் தோளைக் கொடுத்தார்.
"அவங்கள இல்லல, இதத் தள்ளு!"
போலீஸ்காரரும், தலைசுற்றலோடு, வந்து பிடித்தார்.
எட்டுக் கோப்பையும் கிறீச்சிட்டுக்கொண்டு,
சப்பரம் முக்குத் திரும்புகிற மெதுவில்,
அரை வட்டம் நகர்ந்து
என் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றது.

நாற்காலியில் ஒரு சின்னப் பையன்
பஞ்சு மிட்டாய் தின்றுகொண்டிருந்தான்.
"எந்திரில" என்றேன்.
சக்கரத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இதுக்கு டிக்கெட்டு எத்தன ரூவா?"